நூலகரிடம் உதவி கேட்டால் ஆய்வு என்னுடையது இல்லையென்று ஆகிவிடுமா?

இந்த முறை வந்த கடிதம் நீளமானது. அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். எழுதியவர் செவிலியர் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர், மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். இரவுப் பணியால் வரும் தூக்கக் குறைவுக்கும் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறார். ஆய்வேட்டின் முதல் பகுதி ஒரு சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. அதாவது, ஒரு கேள்வியைப் பற்றி வெளிவந்த ஆய்வுகள் அனைத்தையும், முன்கூட்டியே வகுத்துக்கொண்ட முறைப்படி தேடி, சலித்து, எடைபோடுவது. இரண்டாம் பகுதி செவிலியர்களிடம் எடுத்த பேட்டிகள்.

முதல் பகுதியைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறார். தேடல் முறை சரியாக விளக்கப்படவில்லை, வேறொருவர் திரும்பச் செய்துபார்க்க வழியில்லை, பெரிய திருத்தம் செய்து இரண்டு மாதத்தில் மீண்டும் அனுப்பலாம் என்று பதில் வந்திருக்கிறது. கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக்கட்டுரைத் தேடுபொறியிலும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்திலும் பல மாதங்கள் தேடித் தேர்ந்தெடுத்த 38 கட்டுரைகள் கையில் உள்ளன. எப்போது, எந்தச் சொல்லை இட்டுத் தேடினோம் என்ற குறிப்புதான் இல்லை. நூலகரிடம் போகலாமா என்று நெறியாளரைக் கேட்டதற்கு, "நூலகம் புத்தகம் எடுக்கிற இடம்மா, தேடுறது உன் வேலை" என்று சொல்லிவிட்டாராம்.

அவர் கேட்கும் கேள்விகள் இவை. நூலகரின் உதவியைப் பெறுவது முறைகேடா? இந்த 38 கட்டுரைகளும் வருகிற மாதிரி ஒரு தேடல் வாசகத்தை (தரவுத்தளத்தில் இட்டுத் தேடும் சொற்கோவையை) எழுதித்தரச் சொல்லலாமா? உதவினால் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரையும் போடவேண்டுமா? பேட்டிப் பதிவுகள் பென் டிரைவில் இருக்கின்றன, நிதி தரும் அமைப்பு தரவைப் பொதுவில் வைக்கச் சொல்கிறது, பெயர்களை நீக்கிவிட்டுப் பதிவேற்றினால் போதும்தானே? கடைசியாக, ஒரு வாரத்தில் வெளியிட்டுத் தருகிறோம் என்று வேறொரு இதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதற்கு அனுப்பிவிடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

இதழின் மதிப்பாய்வாளர் எழுதிய குறிப்பை முழுவதுமாக நகலெடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதில் உங்கள் முடிவுகளைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. எங்கே தேடினீர்கள், எதைத் தேடினீர்கள், என்றைக்குத் தேடினீர்கள் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இது சரிசெய்துவிடக்கூடிய குறை. ஆனால் நீங்கள் யோசித்து வைத்திருக்கும் வழியில் சரிசெய்ய முடியாது. பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களோடு சேர்ந்து இதே வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உதவி கேட்பது முறைகேடு அல்ல

மாதிரி அளவு எத்தனை வேண்டும் என்று புள்ளியியல் வல்லுநரிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நெறியாளரும் தடுக்கவில்லை, உங்களுக்கும் உறுத்தவில்லை. தேடலை வடிவமைப்பதும் அப்படிப்பட்ட தொழில்நுட்ப வேலைதான். மருத்துவத்துறையில் இத்தகைய ரிவ்யூக்களுக்கு முன்மாதிரியாகக் கருதப்படும் காக்ரேன் அமைப்பின் கையேடு, தகவல் வல்லுநரை அல்லது நூலகரைச் சேர்த்துக்கொண்டு தேடலைத் திட்டமிடச் சொல்கிறது. ரிவ்யூக்களை எப்படி எழுதவேண்டும் என்பதற்கான பிரிஸ்மா நெறிமுறை 2009இல் வந்தது, 2020இல் திருத்தப்பட்டது. அதன்படி, தேடிய ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் முழுத் தேடல் வாசகத்தை அப்படியே கொடுக்கவேண்டும். தேடலை மட்டும் எப்படிப் பதிவு செய்வது என்று 16 அம்சங்களோடு பிரிஸ்மா-எஸ் என்ற தனிப் பட்டியல் 2021இல் வெளியானது. உங்கள் மதிப்பாய்வாளர் புதிதாக எதையும் கேட்டுவிடவில்லை.

உங்கள் நெறியாளர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் ஆய்வு செய்த காலத்து நூலகத்தை மனதில் வைத்துப் பேசுகிறார். இன்று ஆய்வுக் கேள்வியைத் தேடக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருவது, தரவு மேலாண்மைத் திட்டம் எழுதுவது, கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்புவது என்று பார்ப்பது, பதிப்புரிமை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது எல்லாமே பல நூலகங்களில் அன்றாட வேலைகள். ஆனால் ஆய்வாளர்கள் எங்களிடம் வருவது பெரும்பாலும் எல்லாம் முடிந்து, ஏதோ ஒன்று சிக்கிய பிறகுதான். நீங்களும் அப்படித்தான் வருகிறீர்கள். தாமதம்தான், ஆனாலும் காரியம் கைமீறிப் போய்விடவில்லை.

அந்த 38 கட்டுரைகள்

இருக்கும் 38 கட்டுரைகளுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு தேடல் வாசகத்தைப் பின்னாலிருந்து எழுதித் தரும்படி எந்த நூலகரையும் கேட்காதீர்கள். நீங்களும் எழுதாதீர்கள். தேடியது ஒன்று, தேடியதாக எழுதுவது இன்னொன்று என்றால் அது உங்கள் ஆய்வைப் பற்றிய பொய்யான கூற்று. இதைக் கண்டுபிடிப்பதும் கடினமல்ல. பிரிஸ்மா வரைபடத்தில் எத்தனை பதிவுகள் கிடைத்தன, எத்தனை இரட்டிப்புகள் நீக்கப்பட்டன, எத்தனை தலைப்பு நிலையில் கழிந்தன என்று எண்களாகக் காட்டவேண்டும். நீங்கள் கொடுக்கும் வாசகத்தை யாராவது பப்மெடில் இட்டுப் பார்த்து, எண்ணிக்கை பெரிதாக மாறுபட்டால் அங்கேயே கேள்வி கிளம்பும். இதை நீங்கள் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை என்பது தெரிகிறது. பல மாத உழைப்பு வீணாகிவிடுமோ என்ற பயத்தில் கேட்கிறீர்கள். வீணாகாது. எப்படி என்று உங்கள் தலைப்பை வைத்தே காட்டுகிறேன்.

உங்கள் கேள்விக்குள் மூன்று கருத்துகள் உள்ளன: செவிலியர், இரவுப் பணியும் தூக்கக் குறைவும், மருந்துப் பிழை. நீங்கள் ‘நைட் ஷிப்ட்’ என்று மட்டும் இட்டுத் தேடியதாக நினைவிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அதே வேலைமுறையை ஒரு கட்டுரை ‘ஷிப்ட் வொர்க்’ என்று எழுதும், இன்னொன்று ‘ரொட்டேட்டிங் ஷிப்ட்’ என்று எழுதும். பிரிட்டனில் எழுதுகிறவர் ‘ரோட்டா’ என்பார், ஆஸ்திரேலியாவில் எழுதுகிறவர் ‘ரோஸ்டர்’ என்பார். மருந்துப் பிழையும் அப்படித்தான். ‘மெடிகேஷன் எரர்’ என்று தேடினால் ‘டிரக் அட்மினிஸ்ட்ரேஷன் எரர்’ என்று எழுதியவர் தப்பித்துவிடுவார்.

சொற்களை அடுக்கிக்கொண்டே போனாலும் சிக்கல்தான். ‘நர்ஸ்’ என்ற சொல்லின் வேரோடு நட்சத்திரக் குறி (அந்த வேரில் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தேடச் சொல்லும் குறி) இட்டால் செவிலியரோடு நர்சரிப் பள்ளிகளும் தாய்ப்பால் கொடுக்கும் தாய்மாரும் வருவார்கள். ‘ரோட்டா’வுக்குப் பின்னால் நட்சத்திரம் போட்டால் ரோட்டா வைரஸ் கட்டுரைகள் வந்து குவியும். எந்தச் சொல்லுக்கு நட்சத்திரம், எதற்கு மேற்கோள் குறி, எந்தச் சொல்லைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடுவது என்று ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். நூலகர் உங்களோடு உட்கார்ந்து செய்யும் வேலையில் பாதி இதுதான்.

மீதிப் பாதி பொருள் தலைப்புகள். பப்மெடில் உள்ள கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் ‘மெஷ்’ என்ற சொற்பட்டியலிலிருந்து தலைப்புகளைச் சூட்டுகிறது. அதில் ‘ஷிப்ட் வொர்க் ஷெட்யூல்’ ஒரு தலைப்பு, ‘மெடிகேஷன் எரர்ஸ்’ இன்னொரு தலைப்பு. ஆசிரியர் எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும் இந்தத் தலைப்பின் வழியே பிடித்துவிடலாம். ஆனால் இதை மட்டும் நம்பியிருந்தால், இன்னும் தலைப்பு சூட்டப்படாத புதிய கட்டுரைகள் விட்டுப்போகும். அதனால் இரண்டு வழியிலும் தேடுகிறோம். செவிலியர் துறை இதழ்களுக்கென்றே உள்ள சினால் தரவுத்தளத்துக்குத் தனியான தலைப்புப் பட்டியல் உண்டு. எம்பேஸ் என்ற மருத்துவத் தரவுத்தளத்துக்கு எம்ட்ரீ என்ற பட்டியல் உண்டு. பப்மெடில் எழுதிய வாசகத்தை அங்கே அப்படியே ஒட்டமுடியாது, ஒவ்வொன்றுக்கும் மாற்றி எழுதவேண்டும். உங்கள் பொருளுக்கு சினாலைத் தொடாமல் ரிவ்யூ முடித்தது, என் கணிப்பில், மதிப்பாய்வாளர் நாசூக்காகச் சொல்லாமல் விட்ட குறை.

கூகுள் ஸ்காலரைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தேடலுக்கும் அது முதல் 1000 முடிவுகளுக்கு மேல் காட்டாது. எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறது என்பதும் முழுதாக வெளியில் தெரியாது. மற்றவர் திரும்பச் செய்துபார்க்கும்படியான முதன்மைத் தேடலுக்கு அது பொருந்தாது. துணையாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் 38 கட்டுரைகளுக்கு வருவோம். புதிய வாசகத்தை உருவாக்கும்போது இவைதான் சோதனைக் கட்டுரைகள். வாசகத்தை ஓட்டிப் பார்த்து, 38இல் எத்தனை வருகின்றன என்று பாருங்கள். வராத ஒவ்வொன்றின் தலைப்பையும் சுருக்கத்தையும் திறந்து படித்தால், எந்தச் சொல்லை விட்டுவிட்டீர்கள் என்பது தெரிந்துவிடும். சில கட்டுரைகள் அந்தத் தரவுத்தளத்திலேயே இல்லாமலும் இருக்கலாம். கைவசம் இப்படியொரு தொகுப்போடு வரும் ஆய்வாளர் கிடைத்தால் நூலகருக்கு வேலை எளிதாகும், உங்கள் மாதங்களின் பயன் அங்கே இருக்கிறது. தரவுத்தளத் தேடலில் சிக்காமல், மேற்கோள் பட்டியல்களைப் புரட்டியோ வேறு வழியிலோ கிடைத்தவற்றைக் காட்டவும் பிரிஸ்மா 2020 வரைபடத்தில் தனிப் பத்தி இருக்கிறது. எதையும் மறைக்கவேண்டிய அவசியமே இல்லை.

இதில் ஒரு துணிவும் தேவை. முறையாகத் தேடினால் 38 என்பது கூடும். புதிதாக வரும் கட்டுரைகளில் சில உங்கள் முடிவுக்கு எதிராகப் பேசலாம். அப்படியானால் முடிவை மாற்றி எழுதத்தான் வேண்டும். தேர்வு செய்யும்போது இரண்டாவது ஒருவரும் உங்களோடு சேர்ந்து, தனித்தனியாகச் சலிப்பது நல்லது. உங்கள் கடிதத்தில் அப்படி யாரும் இருந்ததாகத் தெரியவில்லை, இந்தச் சுற்றில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ப்ராஸ்பெரோ பதிவேட்டில் இப்போது பதிவு செய்துவிடலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது ஆய்வு தொடங்குமுன் திட்டத்தை அறிவிப்பதற்கான இடம், முடிந்ததைப் பின்னோக்கிப் பதிவதற்கல்ல. முன்பதிவு செய்யவில்லை என்று கட்டுரையில் நேராக எழுதிவிடுங்கள்.

சாட்பாட்டிடம் தேடல் வாசகம் வாங்கி அனுப்பியிருந்தீர்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணைச்சொற்களை யோசிக்க அது உதவும். ஆனால் மெஷ் பட்டியலில் இல்லாத தலைப்பை இருப்பதுபோல எழுதித்தரும், இல்லாத கட்டுரைக்கு மேற்கோளும் தரும். ஒவ்வொரு தலைப்பையும் மெஷ் பட்டியலில் நீங்களே பார்த்து உறுதிசெய்யாமல் ஒன்றைக்கூடப் பயன்படுத்தாதீர்கள்.

இவை இரண்டு மாதத்துக்குள் அடங்காமல் போகலாம். இப்போதே இதழாசிரியருக்கு எழுதி, தேடலை முழுவதும் புதிதாகச் செய்கிறோம், கூடுதல் அவகாசம் வேண்டும் என்று கேளுங்கள். காரணம் சொல்லிக் கேட்கும் அவகாசத்தைப் பொதுவாக மறுப்பதில்லை.

நூலகரின் பெயர் எங்கே வரவேண்டும்

நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இது சிக்கலானதல்ல. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியராக இருப்பதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ அறிவுபூர்வமாகத் திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்திருக்கவேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொற்களைச் சரிபார்த்துக் கொடுத்தவருக்கு நன்றியுரையில் இடம் போதும், அவரிடம் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பெயரைப் போடுங்கள். எல்லாத் தரவுத்தளங்களுக்கும் தேடலை வடிவமைத்து, ஓட்டி, முறையியல் பகுதியில் அதைப் பற்றி எழுதி, கட்டுரை முழுவதையும் படித்து ஒப்புதல் தருபவர் என்றால் அவர் இணை ஆசிரியர்தான். அந்த இடத்தை மறுப்பதுதான் முறைகேடாகும்.

ஆய்வேடு வேறு. அது உங்கள் ஒருவர் பெயரில் வருவது. அதில் நூலகர் எந்த வேலையில் உதவினார் என்று முறையியல் அத்தியாயத்திலேயே எழுதுங்கள். எந்தக் கட்டுரையைச் சேர்ப்பது, எதை விடுவது, அவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பதெல்லாம் உங்கள் தீர்ப்பு. எந்த நல்ல நூலகரும் அதில் கைவைக்கமாட்டார். இணை ஆசிரியரா, நன்றியுரையா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி மின்னஞ்சலில் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு பேசினால் இரு தரப்புக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பென் டிரைவில் உள்ள பேட்டிகள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். பங்கேற்ற செவிலியர்களிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில், ஆய்வு முடிந்ததும் ஒலிப்பதிவுகள் அழிக்கப்படும், ஆய்வுக் குழுவைத் தவிர யாரும் கேட்கமாட்டார்கள் என்று இருக்கிறது. அந்த வாக்குறுதியை நம்பித்தான் அவர்கள் தாங்கள் செய்த பிழைகளைப் பற்றிப் பேசினார்கள். நிதி அமைப்பு கேட்கிறது என்பதற்காக அதை மீற உங்களுக்கு உரிமை இல்லை.

பெயரை நீக்கினால் போதும் என்பதும் சரியல்ல. நீங்கள் எடுத்துக்காட்டாகக் கொடுத்த பத்தியில் பெயர் இல்லை. ஆனால் எந்தப் பிரிவு, எந்த மருந்து, அன்றைக்கு வேறு யார் விடுப்பில் இருந்தார், நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் இருக்கிறது. கூட வேலை செய்கிறவர் படித்தால் அடுத்த நிமிடமே ஆளைச் சொல்லிவிடுவார். வேலை போகிற விஷயம் இது. அந்தப் பத்தியை நான் அழித்துவிட்டேன், நீங்களும் இனி யாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்.

தரவு கண்டறியத்தக்கதாக, அணுகத்தக்கதாக, மற்றவற்றோடு இணையத்தக்கதாக, மறுபயன்பாட்டுக்கு உரியதாக இருக்கவேண்டும் என்பது 2016இல் வெளியான ஃபேர் கோட்பாடு. எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிடு என்று அது சொல்லவில்லை. யார், எந்த நிபந்தனையில் அணுகலாம் என்பது தெளிவாக இருந்தால் போதும். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு நிதித் திட்டங்களும் முடிந்த அளவு திறந்து, தேவையான அளவு மூடி வைக்கும் கொள்கையைத்தான் பின்பற்றுகின்றன. நிதி அமைப்புகளின் விதிகளில் தனியுரிமைக்கும் நெறிமுறைக்குமான விலக்குப் பிரிவு பெரும்பாலும் இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைத் தேடி எடுங்கள். பிறகு ஆய்வின் அறநெறியைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு நிலைமையை எழுதுங்கள். பங்கேற்றவர்களை மீண்டும் அணுகிப் புதிய ஒப்புதல் கேட்கலாமா, இனி எடுக்கும் பேட்டிகளுக்குப் படிவத்தை மாற்றலாமா என்பதை அந்தக் குழுதான் தீர்மானிக்கவேண்டும்.

இதற்கிடையில் நூலகத்தின் தரவுப் பிரிவோடு சேர்ந்து வேறு பலவற்றைப் பொதுவில் வைக்கலாம்: பேட்டிக் கேள்விகள், பேட்டிகளை வகைப்படுத்தும் குறியீட்டுப் பட்டியல், ஒப்புதல் படிவத்தின் வெற்று நகல், எல்லாத் தரவுத்தளங்களின் தேடல் வாசகங்கள், தரவு எப்படிப்பட்டது என்று விளக்கும் குறிப்பு. உங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ, ஐரோப்பிய அணு ஆய்வு அமைப்பான செர்ன் நடத்தும் செனோடோ என்ற பொதுக் களஞ்சியத்திலோ வைத்தால் டிஓஐ போன்ற நிலையான அடையாள எண் கிடைக்கும். அதை நிதி அமைப்புக்குத் தரும் அறிக்கையில் காட்டலாம். பதிவுகளைப் பல்கலைக்கழகம் அனுமதித்த, கடவுச்சொல்லும் மறையாக்கமும் உள்ள சேமிப்பகத்துக்கு இந்த வாரமே மாற்றுங்கள். தொலைந்தால் ஆய்வு போகும். வேறொருவர் கையில் கிடைத்தால் அதைவிட மோசம்.

ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்

அனுப்பாதீர்கள். உங்கள் கட்டுரை இன்னும் முதல் இதழின் பரிசீலனையில் இருக்கிறது. அங்கே எழுத்துமூலம் திரும்பப் பெறாமல் வேறோர் இதழுக்கு அனுப்புவது இரட்டைச் சமர்ப்பிப்பு ஆகும். அதோடு, ஒரு வாரத்தில் முறையான மதிப்பாய்வு நடக்க வாய்ப்பில்லை. அந்த மின்னஞ்சலில் உள்ள ‘குளோபல்’ தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) எண்ணும் நம்பத்தக்கதல்ல. ஜர்னல் இம்பாக்ட் ஃபாக்டர் என்று பொதுவாக ஏற்கப்படுவதை கிளாரிவேட் நிறுவனம்தான் கணக்கிட்டு வெளியிடுகிறது. திறந்த அணுகல் இதழ் (யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடியது) என்றால், அத்தகைய இதழ்களுக்கென 2003 முதல் இயங்கும் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தாலும் இணைய முகவரியும் ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள், நல்ல இதழ்களின் பெயரிலேயே போலித் தளங்கள் நடக்கின்றன.

கட்டணம் கட்ட முன்வந்திருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். பல பல்கலைக்கழக நூலகங்கள் பதிப்பகங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில், அங்கே பணிபுரிவோரும் படிப்போரும் எழுதும் கட்டுரைகளுக்கான திறந்த அணுகல் கட்டணமும் அடங்கியிருக்கும். அந்தச் சலுகை தொடர்பாசிரியர் (இதழோடு தொடர்புகொள்ளும் ஆசிரியர்) எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பார்த்துத்தான் கிடைக்கும். சொந்த ஜிமெயில் முகவரியில் அனுப்பினால் அமைப்பு உங்களை அடையாளம் காணாமல் போகலாம். எந்த இதழுக்கும் அனுப்பும் முன் நூலகத்தில் இதைக் கேட்டுவிடுங்கள்.

நெறியாளரிடம் எப்படிச் சொல்வது

அவர் சொன்னதைத் தாண்டி நூலகத்துக்குப் போனேன் என்று பின்னால் தெரியவருவது நல்லதல்ல. மதிப்பாய்வாளர் குறிப்பை எடுத்துக்கொண்டு போய், பிரிஸ்மா-எஸ் பட்டியலில் உள்ளவற்றில் உங்கள் கட்டுரையில் இல்லாத அம்சங்களைக் குறித்துக் காட்டுங்கள். "இதைச் சரிசெய்ய நூலகரோடு ஒரு மணி நேரம் உட்காரலாமா சார், நீங்களும் வந்தால் நல்லது" என்று கேளுங்கள். அவரும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர் என்பதால் திருத்தம் சரியாக நடப்பதில் அவருக்கும் அக்கறை இருக்கும். அப்போதும் மறுத்தால், நூலகம் எல்லா ஆராய்ச்சி மாணவர்களுக்கும் நடத்தும் தரவுத்தளப் பயிற்சிக்குப் போய் வாருங்கள். அதற்கு யாருடைய தனி அனுமதியும் தேவைப்படாது.

எல்லா நூலகத்திலும் ரிவ்யூ வேலைக்கென்று தனி ஆள் இருப்பதில்லை, இருந்தாலும் அவருக்கு முன்னால் வரிசை நீளமாக இருக்கும். உங்கள் துறைக்கான நூலகர் யார் என்று கேட்டு, முதல் சந்திப்புக்கு முன்பே ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியமாகவும், சேர்க்கும் விலக்கும் நிபந்தனைகளை அரைப் பக்கமாகவும், 38 கட்டுரைகளையும் ஸோட்டெரோ என்ற மேற்கோள் தொகுப்புச் செயலியின் கோப்பாகவும் அனுப்பிவையுங்கள். தேடல் வாசகத்தை நீங்களே எழுதும்படி ஆகிவிட்டால், அதைச் சரிபார்த்துத் தரும்படியாவது கேளுங்கள். ஒருவர் எழுதிய வாசகத்தை இன்னொரு நூலகர் பரிசீலிப்பதற்கு பிரெஸ் என்ற நெறிமுறையே உண்டு, அதற்கு ஆகும் நேரம் புதிதாக எழுதுவதைவிடக் குறைவு. உங்கள் நூலகத்தில் யாராலும் இயலாது என்றால், வேறு நிறுவனத்தில் இதைச் செய்பவர் யார் என்பது அந்த நூலகருக்குத் தெரிந்திருக்கும். அவர் மூலமாகவே கேட்டு அனுப்புங்கள்.